பதினாறாவது குமிழ்

என் மிக்ஸரில் பதினாறு குமிழ்.
பதினாறாவது எதோடும் சேராதது.
அது கேட்க வருகிறவர்களுக்காக.

குடியாத்தம். கௌண்டன்யா ஆற்று மணலில் மேடை.
தண்ணீர் வராத ஆறு, கூட்டத்துக்கு வசதி.
சித்திரை. இரவு எட்டாகியும்
செருப்பைத் தாண்டிச் சுடுகிறது மணல்.
'முள்ளுக்கத்திரி' குழு மேலே ஏறுகிறது.

போன வருஷம் வரை
இரண்டு பம்பை, ஒரு உடுக்கை, கைச்சிலம்பு,
அத்தனைக்கும் மேலே ஜெயசீலியின் தொண்டை.
இந்த வருஷம் ஒரே பம்பை, அதுவும் பின்வரிசையில்.
முன்னால் டில்லிபாபுவின் பேஸ் கிட்டார்.
ஓரத்தில் ஒரு லேப்டாப்,
அதன் வெளிச்சத்தில் ஒரு மோவாய்.

முதல் பாட்டு முடிவதற்குள் வந்துவிட்டார்கள்.
பாடுகிறவர்களைத் திட்ட யாரும் மேடைக்குப் போவதில்லை.
என் மேசை கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறது.

லுங்கித் தறி நித்தியானந்தம்:
"இன்னாபா, பம்பை தூங்குதா? ஏத்து."
பதினாறாவதை வலப்பக்கம் கால் வட்டம் திருப்பினேன்.
கண்ணை மூடினார். "ஆங். இப்ப கீது."

பாலிடெக்னிக் பையன்கள் மூன்று பேர்:
"அண்ணா, பேஸ் பத்தல. நெஞ்சுல இடிக்கணும்."
அதே குமிழ், இடப்பக்கம்.
"செம."

ஆட்டோ ராமதாசுக்குக் குமிழ் வேண்டாம், காது போதும்.
"மெட்ராஸ்காரனுக்கு வாசிக்கிறானுங்க. வித்துட்டானுங்க."
பக்கத்தில் அவர் மனைவி, கடலையை உரித்தபடி:
"பம்பை அடிச்சப்போ ஜன்னலைச் சாத்தினது யாரு?"

வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள் ஒரு நர்ஸ்,
அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்.
"நைட் டூட்டி முடிஞ்சு மூணு வருஷமா
இவங்களைக் கேட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்.
என்னை ஒரு வார்த்தை கேக்கல."
குமிழைத் தொட்டேன். திருப்ப மனம் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை நான்:
லேப்டாப்பில் இருப்பது அதே முனிரத்தினம்தான்,
இரண்டாவது பம்பைக்காரன்.
தன் அடியையே பதிந்து
நான்கு மடங்கு மெதுவாக்கி வைத்திருக்கிறான்.
அதைத்தான் ஆறு பேர் என்னிடம்
'அந்தக் கீபோர்டு சனியன்' என்றார்கள்.

நாலாவது பாட்டு.
நெல்லூர்பேட்டை சம்பங்கிக்கு
இந்தப் பாட்டில்தான் சாமி வரும்.
கூட்டம் பழக்கத்தில் வட்டம் விட்டது.
மஞ்சள் தண்ணிச் சொம்போடு இரண்டு பெண்கள் தயார்.
பேஸ் உறுமியது. பம்பை எங்கோ தூரத்தில்.
சம்பங்கி நின்றாள்.
கொண்டை அவிழவில்லை.
நின்றுகொண்டே இருந்தாள், பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
"சாமி கோவிச்சிகிச்சு" என்றது ஒரு குரல்.
சொம்புக்காரி தண்ணீரை ஒரு வாய் தானே குடித்தாள்.

பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.
என் கை தானாகப் பதினாறாவதுக்குப் போனது.

"தம்பி, ஈர இலையாக் கிழிஞ்சது ராத்திரின்னு
ஒரு வரி வருதே. அது புதுசா?"
"பதினோரு வருஷமா இருக்குக்கா."
"அப்படியா." விரல் நுனியில் பீடித்தூள் மஞ்சள்.
"ஆடிகினே இருந்துட்டேன். கேட்டதே இல்ல."
கொஞ்சம் யோசித்தாள்.
"தப்பு அது.
ஈர இலை கிழியாது, மடங்கும்.
நனைச்சு வெக்கிறதே அதுக்குத்தான்.
காஞ்சாத்தான் கிழியும்.
அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு."

சொன்னேன். வயர் சுருட்டும்போது,
லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது.
ஜெயசீலி சிரிக்கவில்லை.
இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் பேர்ணாம்பட்டு.
காஞ்ச இலையாக் கிழிஞ்சது ராத்திரி.
ஒரு 'ஞ்' கூடுதல், தாளத்தில் இடறுகிறது.
முனிரத்தினம் அங்கே அரை மூச்சு
காத்திருக்கக் கற்றிருந்தான்.
சம்பங்கி வரவில்லை. வேலை நாள்.

ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்,
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.
"இன்னாபா, வரியை மாத்திட்டானுங்க?
பழசுதான் உண்மையா இருந்துது."

திருப்பினேன்.