இரண்டாம் முடிச்சு

மைதிலாவின் கழுத்தில்
இரண்டாம் முடிச்சு விழும்போது
கணினி அணைந்தது.
நான்காவது தடவை.
கெட்டிமேளம் பாதியில் செத்தது.
கறுத்த திரையில் என் முகம்,
அதன் பின்னால்
பென்டில் ஹில் கராஜின் தகரக் கதவு.

யசோமதி அன்ரி நேற்றும் எடுத்தார்:
"கலியாணம் முடிஞ்சு மூன்று மாசம், பிள்ளை.
அவள் மாசமாயும் இருக்கிறாள்.
நீ இன்னும் தாலி கட்டி முடிக்கேல்லையோ?"

கராஜில் முப்பத்தேழு பாகை.
புரொசசரில் நூறு.
வேலையில்லாமல் சும்மா இருக்கையிலேயே அறுபத்தெட்டு.
சும்மா இருக்க இவ்வளவு கொதிப்பா என்று
முதலில் பெட்டியைத் திட்டினேன்.
பிறகு தூசியை.
பிறகு நீலமலைகளைத் தாண்டி வரும் மேல்காற்றை
(அதற்குக் கோடை என்று பெயர் வைத்தவர்
இந்த ஊர் ஜனவரியைக் கண்டிருக்கவேண்டும்).
பிறகு, கொஞ்ச நேரம், மாப்பிள்ளையை.

தட்டி ஊதினேன். ஒரு கைப்பிடி சாம்பல் பஞ்சு.
ஊதுபத்தி கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன்:
புகை முன்னால் நுழைந்து
பின்னால் ஒழுங்காக வெளியேறியது,
குற்றமில்லாத பிள்ளைபோல.
பிறகுதான் நாலு திருகாணியைக் கழற்றினேன்.

குளிரூட்டியின் அடியில், பளபளவென்று,
ஒரு கண்ணாடித்தாள்.
சிவப்பு எழுத்தில்: பொருத்துமுன் உரிக்கவும்.

யார் இதைப் பூட்டியது?
நான்தான்.
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை,
உதவிக்கு வந்த பிரணவரூபனை
வாசலோடு அனுப்பிவிட்டு.
அன்று தொடக்கம்
செம்பும் சில்லும் முகத்தோடு முகம் வைத்து
ஒருநாள்கூடத் தொட்டதில்லை.
தாளை உரித்தேன். எறியவில்லை.
காற்சட்டைப் பைக்குள் போட்டேன், ஏனென்று தெரியாது.

பசை, உழுந்தளவு. திருகாணி, குறுக்குக்குறுக்காக.
தொண்ணூற்றொன்று.
அணையவில்லை. ஆனால் விசிறி
விமானம் ஏற்றுகிற சத்தம் போட்டது.

நல்லதொன்று வாங்கத்தான் வேண்டும்.
தண்ணீர் ஓடுகிற வகை அழகு, விளக்கும் எரியும்.
ஆனால் நாற்பத்தொரு குடும்பத்தின் கலியாணத்துக்கு மேல்
தண்ணீரைத் தொங்கவிட்டு
நித்திரை கொள்ள எனக்கு ஏலாது.
இரட்டைக் கோபுரம் நூற்று அறுபத்தெட்டு மில்லிமீற்றர்.
சட்டை தைக்கும் நாடாவால் பெட்டியை அளந்தேன்:
நூற்று அறுபது.
எட்டு மில்லிமீற்றரில் ஒரு சம்பந்தம் குழம்பியது.
இதைவிடக் குறைந்த உயரத்துக்குக் குழம்பியதும்
எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒற்றைக் கோபுரம், நூற்றைம்பத்தைந்து,
ஆறு செப்புக்குழாய், இரண்டு விசிறி,
அறுபத்தொன்பது டொலர்.
அறையைவிடக் குளிராக்க என்னால் முடியாது என்று
அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கவில்லை.
எழுதியிருந்தால் இன்னும் நம்பியிருப்பேன்.

இரவு பன்னிரண்டரை. எண்பத்திரண்டு.
நாதஸ்வரம் ஊர்ந்தது.
ஒன்று நாற்பதுக்குத் தகரக் கதவு
படாரென்று அடித்துக்கொண்டது.
தெற்குக் காற்று.
அயலவரின் குப்பைத்தொட்டி தெருவில் உருண்டது,
என் துவாய் வேலிக்கு மேலால் போனது.
தெற்கிலிருந்து வந்தால் தென்றல்,
வேறு சொல் எங்களிடம் இல்லை.
தென்றலே, இந்தத் துவாய் புதிது.

எழுபத்தொன்பது.
எழுபத்தாறு.
எழுபத்து மூன்று.
இரண்டாம் முடிச்சு விழுந்தது.
மூன்றாவதும்.

அப்போதுதான் பார்த்தேன், படத்தின் ஓரத்தில்
மாப்பிள்ளைத் தோழன்
அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறான்,
முழு மனதோடு, வேர்த்து வழிய,
ஓமப் புகை எல்லாவற்றையும்
மைதிலாவின் முகத்துக்கே.
அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

காற்றோட்டம் பிழை.
வெட்டப் போனேன்,
வெட்டவில்லை.