மூன்று மணி லாரி

மாடிக்குக் குடிவந்தபோது
இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின்,
மடக்கு நாற்காலி இரண்டு.
இதுக்கா கப்பலேறி வந்தாங்க, என்றார்
வீட்டுக்காரர் பச்சையப்பன்.
காட்பாடியில் ரயிலிறங்கி ஆட்டோவில்தான் வந்தார்கள்,
நான் பார்த்தேன்.

அவர் பெயர் யோப்.
தொரப்பாடி வாயில் அது யோபு ஆகிவிட்டது.
வேதத்தில் யோபு
உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்தவராம்.
இவருக்கு எழுபத்தொரு வயதில்
வேர்க்குரு மட்டும்தான்.

அம்மா பெயர் வில்மா.
என் பெயரைக் கேட்டாள். தேசம்மா, என்றேன்.
தேசம் என்றால் நாடு அல்லவா?
அதெல்லாம் இல்லைங்க, எங்க ஊர் எல்லைச் சாமி.
எல்லை, என்று
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஊழியம் செய்ய வந்தவர்கள் என்றார்கள்.
மைக் கட்டிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.
அவர் காலையில் ஸ்பேனர் பையோடு
பாகாயம் பஸ் ஏறிப் போய்
கால் விளங்காதவர்களின் சக்கர நாற்காலிக்கு
பேரிங் மாற்றுகிறார்.
நகத்துக்குள் கிரீஸோடு திரும்பி வருகிறார்.
அவள் விடுதிப் பிள்ளைகளின்
கிழிந்த போர்வைகளுக்கு ஓரம் அடிக்கிறாள்.
ராத்திரி டூட்டி முடித்து நான் கண்ணயரும் நேரம்
தலைக்குமேல் அந்த மிஷின்.
முதல் மாதம் எரிச்சல்.
பிறகு, அது நின்றால் விழிப்பு வந்தது.

சண்டையும் உண்டு.
ஃபேன் வேகத்துக்கு, சர்க்கரை மாத்திரைக்கு,
அவர் ஒளித்துத் தின்னும் கறுப்பு மிட்டாய்க்கு.
உப்புக் கரிக்கும் மிட்டாய் அது.
என் மகன் வாங்கி, சிரித்து,
மறைவாகப் போய்த் துப்பினான்.

இளவம்பாடிக் கத்திரிக்காய் வாங்கும்போது
முள் குத்தி விரலைச் சப்பினார்.
பேரம் பேசுவது அவள்தான்.
நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னேன்.
ஒரு வாரம் யோசித்து
படியில் நின்று கூப்பிட்டுச் சொன்னார்:
பல்லில்லா யோபு!

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவள் அக்கா இறந்துபோனாள்.
போக முடியவில்லை.
டிக்கெட் விலை, அவர் நெஞ்சுவலி,
எதுவென்று நான் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம்,
போனில் காட்டுவார்களாம்.

பதினோரு நாளாக வராத தண்ணீர் லாரி
அன்றைக்கு, அதே மூன்று மணிக்கு,
ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது.

உங்க குடத்தையும் நான் பிடிக்கிறேன், என்று கத்தினேன்.
அதற்குள் இறங்கி வந்துவிட்டாள்.
ஒரு கையில் இரண்டு குடம், மறு கையில் போன்.
அவர் பின்னால் பக்கெட்டோடு.
இன்றைக்கு எண்ணெய் போடாத முழங்கால்கள்,
ஒவ்வொரு படியாக.

போனை என்னிடம் கொடுத்தாள்.
கட் ஆகாமல் பார்த்துக்கொள், தேசம்மா.

லாரி டயர் நிழலில் நின்று
முன்பின் தெரியாத ஒருத்தியின் சாவை
உள்ளங்கையில் பிடித்திருந்தேன்.
அங்கே மழை. கறுப்புக் குடைகள்.
பாட்டு விட்டு விட்டுக் கேட்டது.
இங்கே குடம் இடிபடும் சத்தம்,
யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.
அங்கேயும் வரிசையாகத்தான் நின்றார்கள்,
ஒரு கைப்பிடி மண் போட.

அம்மா, உங்க முறை, என்றான்
லாரிக்கார முனிரத்தினம்.

வீட்டுக்கு நாலு குடம்தான் கணக்கு.
அவனுக்கு என்ன தெரிந்ததோ,
என் கையிலிருந்த போனை ஒருதரம் பார்த்துவிட்டு
குழாயை மூடாமல்
ஐந்தாவதையும் நிரப்பினான்.
வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

நாலையும் அவர்கள் மேலே ஏற்றினார்கள்.
ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு
வாசலோரம் காய்ந்து நின்ற செம்பருத்திக்குப் போனாள்.
மெதுவாக, கடைசிச் சொட்டுவரை,
அதன் அடியில் ஊற்றினாள்.

லாரித் தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்கள்
எங்கள் தெருவில் கிடையாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
போனில் சார்ஜ்
ஆறு சதவீதம் இருந்தது.