பெட்டைக் குரல்

ஏப்ரல் கடைசி வாரம், ஓசார்க் மலையின் தென்சரிவு.
ஓக் தளிர் அணில் காதளவு விரிந்தால்
வான்கோழிக்குப் பருவம் என்பார்கள் எங்கள் பக்கம்.
விடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
வண்டியைப் பாலத்தடியில் விட்டு ஏறினேன்.
இரவு மழையில் ஊறிய சருகு
காலடியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உடுப்பில் சிவப்பு கூடாது, வெள்ளை கூடாது, நீலம் கூடாது.
சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை.
வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திய ஒருவன்
தாடைக்குள் ஏழு ஈயக் குண்டோடு
இன்னும் பெட்ரோல் பங்கில் சில்லறை எண்ணித் தருகிறான்.

வெள்ளை ஓக்கில் முதுகைச் சாய்த்தேன்.
முகத்தில் வலை. மடியில் துப்பாக்கி.
தொடையில் சிலேட்டு, உள்ளங்கையளவு வட்டம்.
குச்சியை அதில் மெல்ல இழுத்தால்
நான் பெட்டை.

பள்ளத்தில் ஆந்தை கேட்டது.
கேட்டதுதான் தாமதம்,
உயரத்துக் கிளையில் உறங்கியவன் பொறுக்கமாட்டாமல்
தகரக் குடத்துக் கூழாங்கல்லைக்
கொளகொளவென்று கொட்டிவிட்டான்.
மலை முழுக்க உருண்டது.

வழக்கப்படி பெட்டைதான் நடந்து போக வேண்டும்.
அவன் நின்ற இடத்தில் விசிறி விரித்து நிற்பான்.
நான் கேட்பது தலைகீழ்: நீ வா.
அதனால் கெஞ்சக் கூடாது.
அதனாலேயே கெஞ்சாமலும் இருக்கக் கூடாது.
மூன்று இழுப்பு. மௌனம். அரை இழுப்பு.

பதில் வந்தது. அவனல்ல.
மேட்டுக்கு அப்புறம் இன்னொரு பெட்டை,
தொண்டையில் கொஞ்சம் மரத்தூள்.
நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள்.
நான் அதட்டினால் வெடுக்கென்று வெட்டினாள்.
பொறாமை வந்தது, பொய்யில்லை.
நாற்பது நிமிடம்.
யாரோடும் நான் இத்தனை நேரம்
நடுவில் எழுந்து போகாமல் பேசியதில்லை.
கழுத்தில் உண்ணி ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன்.

சேவல் இறங்கிவிட்டான். சருகில் நடை.
பிறகு அந்தச் சத்தம், காதுக்கல்ல, விலா எலும்புக்கு:
எங்கோ ஒரு லாரி மேடேறுவது போல.
பழைய முள்கம்பி வேலியோரம், டாக்வுட் பூவுக்கடியில்
செம்பும் கரும்பச்சையுமாய் விரிந்தான்.
முப்பது கெஜம்.
கட்டைவிரல் பூட்டைத் தள்ளியது.

அப்போது அந்தப் பெட்டை இருமினாள்.

சிகரெட் இருமல்.
சேவலுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம்,
சீடர் மரத்தடியில் இரண்டு பூட்ஸ் அடிகள்.
என் குழலுக்கு நேரெதிரே இன்னொரு குழல்.
இரண்டும் ஒரே நொடியில் தாழ்ந்தன.

க்ளோவிஸ் டீக்.
இதே வேலிக்காக, நான்கடி நிலத்துக்காக
பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.
சர்வேயர் வந்தான், வக்கீல் வந்தான்,
அவன் பசு என் சோளத்துக்கு வந்தது.
அவன் மனைவி இறந்தபோது நான் அனுப்பிய ஆப்பிள் பை
தொடாமல் திரும்பி வந்தது.

சேவல் எங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடந்தான்.
தனக்காக உருகிய இருவரைத் தேடி
இடமும் வலமும் கழுத்தை நீட்டினான்:
சிவப்பு, வெள்ளை, நீலம்.
கம்பிக்கடியில் குனிந்து என் பக்கம் வந்தான்,
மறுபடி டீக் பக்கம்,
பிறகு யார் பத்திரத்திலும் இல்லாத ஓடையில் இறங்கிப் போனான்.

க்ளோவிஸ் முக வலையைத் தூக்கினான். நானும்.
குசலம் இல்லை, மன்னிப்பும் இல்லை.
"கடைசி இழுப்பில் ரொம்ப ஆசை காட்டுகிறாய், இமோஜீன்."
துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு
இருமியபடியே இறங்கினான்.

பகல் ஒரு மணியோடு வேட்டை முடிந்தது, சட்டப்படி.
வீட்டில் உண்ணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
சமையலறை மேசையில் சிலேட்டை வைத்தேன்.
கடைசி இழுப்பைக் குறைத்துப் பார்த்தேன்.
மறுபடி.
பாழாய்ப் போனவன்,
சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

எழுந்து,
அவன் வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து
இன்னொரு முறை இழுத்தேன்.