நானூற்றுப் பதினேழு

ஆகஸ்ட். டக்குவாரெம்போவில் உறைபனி.
கரும்பாறைத் தரைமேல் விரற்கடைப் புல்.
பதினெட்டுப் பசுக்கள்;
ஒவ்வொன்றின் கழுத்திலும் வெறுமை அடைத்த ஒரு குப்பி.
மூக்கோரம் மெல்லிய குழாய்
நாள் முழுக்க மூச்சை உறிஞ்சும்.

வயிற்றில், முன்பே விழுங்கவைத்த
பித்தளைக் குழல்.
அதில் கசியும் வாயுவின் அளவு தெரியும்.
தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளப்போம்,
எங்கள் பிழைப்பு அவ்வளவுதான்.

நான் மாட்டைத் தொடுகிறவள் அல்ல.
மொண்டெவிடியோவில், மூன்றாம் மாடியில்
சமன்பாடு எழுதுகிறவள்.
தின்ற புல், புல்லிலுள்ள ஆற்றல்,
அதில் நூற்றுக்கு ஆறரை மீத்தேன்.
ஆறரை என்று எழுதிவிட்டால்
உலகத்து மாடெல்லாம் ஒரே மாடு.

417 மட்டும் ஒப்பவில்லை.
பதினேழு புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்க
அது கீழே, மூலையில்,
மற்றதில் பாதிகூட இல்லாமல்.
"குப்பி ஓட்டையாக இருக்கும், நீக்கிவிடலாமா?"
என்றான் லிசாண்ட்ரோ.
ஒரு விசையை அழுத்தினால் போதும்.
அழுத்தவில்லை. பேருந்து ஏறினேன்.

"அவளா?" என்றான் ஒலெகாரியோ,
மாத்தேக் குடுவையிலிருந்து வாயெடுக்காமல்.
"விடியுமுன் ஓடை தாண்டிவிடுவாள், டாக்டர்.
அக்கரையில் பாறையிடுக்கில் ஏதோ தழை.
நீங்கள் சட்டம் போட்டு அறுத்து எடைபார்க்கிற
சதுரத்துக்குள் அது முளைக்காது."

மறுநாள் இருட்டில்
ஓடையில் பூட்ஸ் நனைய அவள் பின்னே போனேன்.
தின்றாள். படுத்தாள். அசைபோட்டாள்.
பதினொரு வருஷமாக நான் கணக்கெழுதிய ஏப்பத்தை
அன்றுதான் பார்த்தேன்.
சத்தமே இல்லை.
தொண்டையில் ஒரு சின்ன அலை மேலேறிற்று,
புளித்த வெதுவெதுப்பு என் முகத்தில் பட்டுப் போயிற்று.
மறுபடி தாடை.

ஊர்ச் சொத்தை ஏப்பம் விட்ட எவன் கழுத்திலும்
நாம் குப்பி கட்டியதில்லை
என்று தோன்றியது. அதுவும் உண்மைதான்,
ஆனால் மீத்தேன் மீத்தேன்தான்.
இவளை நல்லவளாக்க நான் வரவில்லை.

"பொருத்தம் குறைந்துவிட்டதே," என்றான் லிசாண்ட்ரோ
புதிய கோட்டைப் பார்த்து.
குறைந்துதான் போயிருந்தது.

சமன்பாட்டின் வாலில் ஒரு எழுத்து உண்டு,
எல்லாம் போக மிஞ்சுகிற அறியாமைக்கு.
அதன் பக்கத்தில் பென்சிலால்
'ஓடை' என்று எழுதினேன்.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.

பேருந்துச் சீட்டோடு சட்டைப்பையில்
அந்தத் தழை.
தாவரவியல்காரர் திங்கள்கிழமை வருவாராம்.