தலைக்கணக்கு

மார்ச். ஏரியின் மேல் எண்பத்திரண்டு சென்டிமீட்டர் பனிக்கட்டி.
வாஸி துளைக்கருவியின் மேல் வயிற்றைச் சாய்த்துத் திருகுகிறான்.
பின்லாந்து முடிந்து நார்வே தொடங்கப்போகும் இடம்.
மரங்கள் இடுப்பளவு வளர்ந்ததோடு
போதும் என்று நிறுத்திக்கொண்டுவிட்டன.

துளை வழியே ஓர் உலோக விரலை இறக்குகிறோம்.
அதற்குள் உலர்பனியும் சாராயமும்.
கால் மணி நேரம் கழித்து இழுத்தால்
அடிச்சேறு அதன் மேல் உறைந்து ஒட்டி வருகிறது.
வெளிர்ப்பட்டை, கரும்பட்டை, மறுபடி வெளிர்ப்பட்டை.
ஒன்று, பனி உருகி ஓடிவந்த நாட்கள்.
மற்றது, மேலே மூடிக்கொண்டபின்
இருட்டில் மெல்ல இறங்கிய தூசு.
இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம்.
ஒரு வருஷத்தின் தடிமன்
என் கட்டைவிரல் நகத்தின் தடிமன்.

மற்ற மாதங்களில் நான்
ஹெல்சின்கியில், ஜன்னல் இல்லாத அறையில்,
நுண்ணோக்கியின் கீழ் தலைகளை எண்ணுகிறேன்.
கடிக்காத கொசு ஒன்று உண்டு.
அதன் புழு சேற்றில் வாழ்ந்து
வளர வளரத் தலையைக் கழற்றிப் போடும்.
உடல் கரைந்துவிடும். தலை கரையாது.
எட்டாயிரம் வருஷமானாலும்
பல்வரிசை பல்வரிசையாகவே இருக்கும்.
குளிர்ந்த நீரில் வாழ்வதற்கு ஒரு வரிசை,
வெதுவெதுப்பு கேட்பதற்கு வேறு வரிசை.
எந்தத் தலை எத்தனை என்று தெரிந்தால்
அந்த ஜூலை எப்படி இருந்ததென்று சொல்லிவிடலாம்.
தலையெழுத்து என்பது இங்கே உவமை இல்லை.

ஒக்ஸேன்யா வீட்டில்தான் தங்குவோம்.
போன வருஷம், மீன்சூப்பில் உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"அறுபத்தெட்டு இருக்கா உன்கிட்ட?"
"இருக்கும். எதுக்கு?"
"யெஃபிம் போன வருஷம்."
அவ்வளவுதான் சொன்னாள்.
மீதியை வாஸி வண்டியில் சொன்னான்:
அக்டோபர், புதுப்பனி, மூன்று கலைமான்கள்,
அவற்றின் பின்னால் நடந்த பத்தொன்பது வயதுப் பையன்.
மான்களில் ஒன்று கரையேறியது.

தேடினேன். அதை ஆய்வுத்திட்டத்தில் எழுதவில்லை.
மேலிருந்து கீழே இரண்டு முறை எண்ணி,
செர்னோபில் சீசியத்தில் ஒருமுறை சரிபார்த்து,
அறுபத்தெட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன்.
சாம்பல் நிறம். மற்ற வருஷங்களைப் போலவே.
பொட்டாஷில் கொதிக்கவைத்து, சல்லடையில் அலசி,
இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
முப்பத்தொரு தலை.
ஐம்பது சேராமல் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி.
திறந்து பார்த்தேன்:
ஜூலை, பத்தரை டிகிரி.
பிழை, கூட்டியோ கழித்தோ, ஒன்று.
அந்த ஒன்றுக்குள்
குளிர்ந்த கோடையும் புகும், வெறும் சுமாரானதும் புகும்.
அக்டோபரைப் பற்றிக் கேட்டால்
புழுக்களுக்கு எதுவும் தெரியாது.

இந்த மார்ச்.
அதே மேசை, அதே சூப்.
சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் வந்தேன்.
"பாத்தியா, ஔனெ?"
"பாத்தேன். அந்தக் கோடை கொஞ்சம் குளிர்ச்சி.
உறுதியா சொல்ல முடியாது.
முப்பத்தொரு தலைதான் கிடைச்சது."

கரண்டியை வைத்தாள்.
"அவனையும் சேர்த்தா?"

வாஸி ஜன்னலைப் பார்த்தான்.
அவள்தான் முதலில் சிரித்தாள்,
பல்லில்லாத பக்கமாக,
நெடுநேரம்,
பிறகு என் கிண்ணத்தில் இன்னொரு மீன்துண்டைப் போட்டு
பேச்சை மாற்றுகிறவள்போல் சொன்னாள்:
"அந்த வருஷம் ஹில்லா பழுக்கவே இல்ல.
சதுப்பு முழுக்கப் பச்சைக்காயா நின்னது.
அம்மா வெறும் வாளியோட திரும்பி வந்தா."

என் அட்டவணையில் வாளிக்குப் பத்தி இல்லை.
ஓரத்தில், பென்சிலால்,
'ஹில்லா இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.
பிழையின் அளவை மாற்றவில்லை.

காலையில் வாஸி அளவுகோலைத் துளையில் இறக்கி
ஒரு முறை பார்த்தான்,
கையுறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.
"அறுபத்தொன்று," என்றான்.
இடையில் கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று
இருவருக்கும் தோன்றியது.