பன்னிரண்டு மூட்டை

ஒரு ரூபாய்க் காசை ஆழப் பக்கம் போட்டாள் ஜெயசீலி.
"பூவா தலையா, சொல்லுங்க வைரக்கண்ணு."
ஆறடித் தண்ணீர்.
காசு விழுந்த இடத்தில்
ஒரு சந்தேகம் மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மாவட்டப் போட்டி.
மன்னார்குடியின் ஒரே நீச்சல்குளம்
நீராகாரம் மாதிரி கிடக்கிறது.

ஆளுக்கொரு காரணம்.
பிள்ளைகள் எண்ணெய்த் தலையோடு குதிக்கிறார்கள் என்றார்
தாளாளர் மழவராயர்.
பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில்
நெல் தூற்றும் தூசி என்றார் வாட்ச்மேன் அற்புதசாமி.
அதிலும் உண்மை உண்டு,
மாசி பிறந்ததிலிருந்து கூடை கூடையாய்ப் பதர் அள்ளுகிறேன்.
தேத்தாங்கொட்டையை உரசிப் போடலாமே என்றார் தமிழாசிரியர்.
மூன்று லட்சம் லிட்டருக்கு எத்தனை கொட்டை ஐயா?
அவர் கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

முதல் நாள் சோதனைக் குப்பியில் சொட்டு விட்டுப் பார்த்தேன்.
குளோரின் இரண்டு. பி.ஹெச். ஏழரை.
ஏழரை என்றதும் தாளாளர் முகம் கறுத்தது.
சனி இல்லை சார், இது நல்ல ஏழரை என்றேன்.

இரண்டாம் நாள் படிகாரம்.
மோட்டாரை நிறுத்திவிட்டு
இரவு முழுக்க ஒரு தவளையும் குதிக்காமல் காவல் இருந்தேன்.
விடியலில் அடித்தரை நீலம் தெரிந்தது.
அதன்மேல் மாவு படிந்த மாதிரி வண்டல்.
உறிஞ்சி வெளியே விட்டேன்.
ஜெயசீலி கைதட்டினாள்.

மோட்டார் போட்டதும்
நீர் திரும்பி வரும் வாயிலிருந்து
ஒரு புகை.
யாரோ உள்ளே உட்கார்ந்து
பீடி இழுத்து விடுவது மாதிரி.
மத்தியானத்துக்குள் பழைய நீராகாரம்.

இருபது வருஷம் போர் மோட்டார் பார்த்தவன் நான்.
தண்ணீர் என்ன நிறம் என்று எந்த நெல்லும் கேட்டதில்லை.
பாமணி ஆற்றில் புதுத்தண்ணி மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தால்
பூவும் மஞ்சளும் போட்டுக் கும்பிடுகிற ஊர்,
இங்கே கரையில் நின்று
கலங்கல் கலங்கல் என்கிறது.

புகை வடிகட்டியிலிருந்து வந்தது.
பார்த்த நிமிஷமே எனக்குத் தெரியும்.
தெரிந்தும் மூன்றாம் நாள்
வால்வைத் திருப்பிக் கழுவினேன், கேஜைத் தட்டினேன்,
கேஸ்கெட் போயிருக்கும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன்.
திருவாரூரிலிருந்து பஸ்ஸில் புது கேஸ்கெட் வந்தது.
பழையதில் ஒரு கீறல்கூட இல்லை.

வியாழன் இரவு மூடியைக் கழற்றினேன்.
டார்ச் வெளிச்சத்தில் மணல் மினுங்கியது.
காக்காப்பொன்.
விரல் நகம் அளவில் ஒரு நத்தை ஓடு.
களியோடு கட்டிகட்டியாய் இறுகிப்போய்,
நடுவில் தண்ணீர் தனக்கென்று குடைந்துகொண்ட வாய்க்கால்.
தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட
யார் சொல்லித்தர வேண்டும்,
அதுவும் இந்த மணலில்.

வாங்கச் சொன்னது சலித்த சிலிக்கா.
ஐம்பது கிலோ மூட்டை, பன்னிரண்டு.
பில்லில் அப்படித்தான் இருக்கிறது.
வந்தது கொள்ளிடத்து மணல்,
ராத்திரி இரண்டு மணி டெம்போவில்.
கொட்டியது இந்தக் கை.
மிச்சப் பணம் என்ன ஆனது என்பதை
இங்கே சொல்லப்போவதில்லை.

பிளாஸ்டிக் மக்கால் அள்ள அள்ள விடிந்தது.
பைக்கின் ஆர்.சி. புக்கைக் கொடுத்துவிட்டு
திருச்சியிலிருந்து பன்னிரண்டு மூட்டை இறக்கினேன்.
என்னண்ணே மாத்துறீங்க என்றார் அற்புதசாமி.
மணல் கெட்டுப்போச்சு.
மணல் கெடுமா?

பழையதைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குவித்தேன்.
ஒரு நாய் வந்து
சுற்றிப் பார்த்து
படுத்துக்கொண்டது.

சனி, காலை ஆறு மணி.
கயிறு கட்டுமுன் ஓரத்தில் குனிந்தாள் ஜெயசீலி.
உறிஞ்சுகுழலுக்குத் தப்பிய காசு அங்கேயே கிடந்தது.
"இப்போ சொல்லுங்க."
"பூ" என்றேன்.
பூதான்.

அவள் தண்ணீரை விட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
கொஞ்சம் கூடுதல் நேரம்.
பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு
பிள்ளைகளிடம் போனாள்.