இன்னும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மோன்ஸே கிளினிக்கில்
நர்ஸ் சூல்வே என் கால் கட்டைவிரலில்
இசைக்கவையைத் தட்டி ஊன்றுகிறாள்.
"அதிர்வு நின்னதும் சொல்லுங்க."

எனக்குப் பழகிய வித்தை.
கால் சொல்லாததைக் காது சொல்லும்.
ரீங்காரம் தேய்ந்து கொசுவாகி
கொசு ஜன்னல் வழியே போனதும்
"நின்னுடுச்சு" என்பேன்.
அவள் எழுதிக்கொள்வாள்.
நான் குனிந்து செருப்பைத் தேடுவேன்.

செருப்பைக் கண்ணால் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.
போன மாதம் சந்தையில்
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இடது செருப்பு கழன்றுவிட்டது.
மூன்று கடை தாண்டிய பிறகு
ஒரு சிறுமி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பதினாறு சீட் வண்டி.
கிளட்ச் எவ்வளவு அமுங்கியிருக்கிறதென்று
எஞ்சின் குரலைக் கேட்டு ஓட்டுகிறேன்.
மழை கூரைத் தகரத்தில் கொட்டினால் எஞ்சின் கேட்காது;
அன்று எனக்குத் தலைவலி.

ரத்தத்தில் வைரஸ் இல்லை என்கிறது சீட்டு,
அதாவது, எண்ண முடியாத அளவுக்குக் கொஞ்சம்.
காலையில் ஒன்று இரவில் ஒன்றாக அந்தப் பழைய மாத்திரைதான்
குழி விளிம்பிலிருந்து என்னை இழுத்துவந்தது.
கூலியாக எதை எடுத்துக்கொண்டதென்று
பிறகுதான் தெரிந்தது.
மாத்திரையா, அதற்கு முன்பே வைரஸா,
முதலில் கடித்தது யாரென்று டாக்டருக்கும் தெரியவில்லை.

சூல்வே ஒருமுறை சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினாள்:
முதுகெலும்போரம் ஒரு புள்ளி,
அதிலிருந்து பாதம்வரை ஒரே நூல்.
ஒரு செல்தானாம், அவ்வளவு நீளம்.
நுனியிலிருந்துதான் பட்டுக்கொண்டே வருமாம்.
எனக்குப் புரிந்தது.
எங்கள் தெருவில் கரண்ட் குறையும்போது
லைனின் கடைசி வீட்டு பல்புதான் முதலில் சிவக்கும்.
கடைசி வீடு எங்களுடையது.

மரத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம்.
ஆனால் மரத்துக்கு இரவில் தூக்கம் வரும்.
பகலில் ஆணியை அறியாத பாதம்
இரவில் போர்வையின் ஒவ்வொரு இழையையும் எண்ணும்,
மிளகாய்த்தூள் மூட்டைக்குள் காலை விட்டதுபோல எரியும்.
முட்டிண்டா காலி பாட்டில் பெட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் போர்வையை விரிப்பாள்.
கீழே என் கால்கள்,
எதுவும் தொடாமல்,
எரிந்துகொண்டு.

இந்த முறை
கவை விரலில் நின்ற நேரம் பார்த்து
வெளியே என் வண்டியின் ஹார்ன்.
கண்டக்டர் லுயாண்டோ கதவைத் தட்டித் தட்டிக் கத்துகிறான்:
"லுசாகா, லுசாகா, ரெண்டே சீட்டு!"
கொசு தொலைந்துவிட்டது.
சூல்வேயின் முகத்தைப் பார்த்தேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இருக்கா?"
"இருக்கு."
ஹார்ன் ஓய்ந்தது.
"இன்னும்?"
"இன்னும்."

கவை அவள் மடியில் கிடந்தது.
எப்போது எடுத்தாளோ.

அவள் திட்டவில்லை. மறுபடி தட்டி
என் மணிக்கட்டில் வைத்தாள்.
எலும்புக்குள் ஒரு தேன்கூடு!
அது அடங்கியபோது
நின்னுடுச்சு என்று சொல்ல வாய் வரவில்லை.

சாவியை லுயாண்டோவிடம் கொடுத்தேன்.
லைசென்ஸ் இருக்கிறது. வேகம்தான் அதிகம்.
மஸபூகா தாண்டி
கரும்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பியது.
முன்சீட்டில் என் வலது கால்
இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

வண்டி நின்றது.
பின்னால் யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள்.
நான் குனிந்து பார்த்தேன்:
கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.